வாக்கும் சுருளும்: விவிலியத் தீர்க்கதரிசனத்தின் சமூக அடிப்படை பற்றிய ஒரு நோக்கு

தெய்வ வழிகாட்டல் என்பதை ஆராய்ச்சிக்குரிய பொருளாக ஏற்பதற்கு மாக்சியத் திறனாய்வாளர் பொதுவாகத் தயங்குவர். சமயத்தை மாக்ஸ் அபினிக்கு ஒப்பிட்டமை யாவரும் அறிந்ததே. 1844ஆம் ஆண்டில் வெளிவந்த அக்கட்டுரையின் அதே பந்தியிலே, சமயம் கூறும் துயரத்தை மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான கண்டனமாகவும் அவர் கண்டார் என்பதை நினைவிற் கொள்வோர் சிலரே. இதற்கு எதிர்முனையில் நிற்போரும் உளர். 1970களின் தொடக்கத்தில் இலத்தீன் அமெரிக்காவிலே குத்தியெரெஸ், மிராண்டா முதலியோரின் நூல்கள் வெளிவந்ததன் பின்னர், விவிலியத் தீர்க்கதரிசிகளை ஏறத்தாழச் சமதர்மவாதிகளாகவே சித்திரிக்கும் வழக்கம் முற்போக்காளர் சிலரிடையே பரவிற்று. முதற்சாரார் நூலைத் திறவாமலே தீர்ப்பளிக்கின்றனர். இரண்டாம் சாரார் தமக்கு உவந்த பக்கங்களை மட்டும் திறக்கின்றனர்.

இக்கட்டுரையிலே நாம் கேட்க விரும்பும் வினா எளிமையானது. விவிலியத்தின் எபிரேயப் பகுதியிலே கடவுள் பொதுமக்களுடன் நேரே பேசுவது மிக அரிது. யாரோ ஒருவர் கடவுளின் பெயராற் பேசுகின்றார். அல்லது யாரோ ஒருவர் ஒரு சுருளை எடுத்து வாசிக்கின்றார். அந்த யாரோ ஒருவர் யார்? அவரை ஊட்டி வளர்த்தோர் யாவர்? சுருள் எவருடைய கையில் இருந்தது? ஒருவரது வாக்கை மெய்யென ஏற்கவும் மற்றொருவரது வாக்கைப் பொய்யெனத் தள்ளவும் கேட்டோரிடம் இருந்த அளவுகோல் யாது? இவை இறையியல் வினாக்கள் எனத் தோன்றினும், உண்மையில் இலக்கிய வரலாற்றுக்கும் சமூக வரலாற்றுக்கும் உரியவை. கடவுள் பேசினாரா என்னும் விவாதத்துள் நாம் புகவில்லை. பேசியதாகச் சொல்லப்பட்டபோது எருசலேமிலும் சமாரியாவிலும் என்ன நிகழ்ந்தது என்பதே எமது அக்கறை.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. தமிழ்ப் புரொட்டஸ்தாந்து மொழிபெயர்ப்பு வழங்கும் 'தீர்க்கதரிசி' என்னும் சொல் நெடுந்தொலைவு நோக்குபவர் எனப் பொருள்படும் வடமொழி வழக்கு. வருவதை முன்னுரைப்பவர் என்னும் கருத்து இதனாலே தமிழ் வாசகர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது. மூலத்திலுள்ள எபிரேயச் சொல் 'நபீ' என்பது. அதன் வேர், அழைத்தல் என்னும் பொருளோடு தொடர்புடையது என்பர். அழைக்கப்பட்டவர் என்றோ அழைத்துக் கூறுபவர் என்றோ கொள்ளலாம். காண்பதன்று, கூறுவதே இங்கு முதன்மை பெறுகின்றது. பிற்காலக் கத்தோலிக்க வழக்கான 'இறைவாக்கினர்' இப்பொருளுக்கு அண்மையிற் செல்கின்றது. ஆயின் மூலச் சொல்லின் உறவுச்சொல்லையே நாள்தோறும் வழங்கி வருவோர் தமிழ் பேசும் முஸ்லிம்களே. அவர்களது 'நபி' அரபு வழியாக வந்த அதே செமித்தியச் சொல்லாகும்.

இது வெறும் சொல் விளையாட்டன்று. சாமுவேலின் முதலாம் நூல், அதன் காலத்தில் நபீ எனப்படுபவர் முன்னாளிலே 'காண்பவர்' எனப்பட்டார் என்று ஓரிடத்தில் இடைக்குறிப்பாக உரைக்கின்றது. காண்பவர் என்பதற்குத் தமிழ் மொழிபெயர்ப்பு 'ஞானதிருஷ்டிக்காரன்' எனவும், நபீ என்பதற்குத் 'தீர்க்கதரிசி' எனவும் தருகின்றது. திருஷ்டி, தரிசனம் ஆகிய இரண்டுமே பார்வையைக் குறிப்பன. ஆகவே, பார்ப்பவர் பேசுபவராக மாறியதைக் காட்டும் அக்குறிப்பின் உயிர்நிலை தமிழிலே மறைந்துபோகின்றது. ஒரு சமூகப் பணியின் தன்மை மாறியதற்கு அந்நூலாசிரியர் சாட்சி பகர்ந்திருக்கிறார். மொழிபெயர்ப்பு அச்சாட்சியை விழுங்கிவிட்டது.

அக்குறிப்பு வரும் இடமும் நோக்கத்தக்கது. காணாமற்போன தகப்பனின் கழுதைகளைத் தேடியலையும் சவுலும் அவனது வேலையாளும், காண்பவரிடம் வழி கேட்கச் செல்வதாக முடிவு செய்கின்றனர். வெறுங்கையுடன் செல்லலாகாதே என்று சவுல் தயங்குகின்றான். தன்னிடம் கால் சேக்கல் வெள்ளி உண்டென்கிறான் வேலையாள். தெய்வ வழிகாட்டலின் தொடக்க நிலை இதுவே. தொலைந்த கால்நடை, நோய், போர் ஆகியவை பற்றிக் கேட்கப்படும். கேட்பவர் கூலி கொடுப்பார். பண்டைய அண்மைக் கிழக்கெங்கும் இத்தகையோர் வாழ்ந்தனர். யூப்பிரட்டீஸ் நதிக்கரையிலுள்ள மாரி நகரின் அரண்மனையிற் கிடைத்த, கி.மு. பதினெட்டாம் நூற்றாண்டுக்குரிய களிமண் மடல்களிலே, தெய்வங்களின் பெயரால் அரசனுக்கு ஆணும் பெண்ணும் அனுப்பிய செய்திகள் பல உள. இஸ்ரவேலுக்கே உரிய தனிப்பெருஞ் சிறப்பென்று தீர்க்கதரிசனத்தைக் கூறுவோர் இம்மடல்களை மறந்துவிடலாகாது.

அரசு நிலைபெற்றதும் இக்கூலித் தொழில் அரண்மனைத் தொழிலாயிற்று. கி.மு. ஒன்பதாம் நூற்றாண்டிலே ஆகாப் மன்னன் போருக்குப் புறப்படுமுன், சமாரியாவின் நகர வாயிலருகிலுள்ள களத்துமேட்டில் ஏறத்தாழ 400 தீர்க்கதரிசிகள் ஒரே குரலில் வெற்றி கூறினர் என்பது இராசாக்கள் நூல் தரும் செய்தி. இம்லாவின் மகன் மிகாயா ஒருவரே மாறுபட்டார். அவரை அழைக்கச் சென்ற தூதன் வழியிலேயே அவருக்கு ஆலோசனை கூறுகின்றான்: மற்றையோர் சொன்னதையே நீரும் சொல்லிவிடும் என்பது அதன் சாரம். அரசவைகளின் இயல்பை அறிந்த ஒருவனின் நடைமுறை ஞானம் அது. மிகாயா இணங்கவில்லை, அப்பமும் நீரும் அளவாய்த் தந்து சிறையில் இடப்பட்டார். இக்கதையில் எம்மை நிறுத்துவது வேறொன்று. 400 பேரும் பொய்யுரைத்ததற்குக் காரணமாக, கடவுளின் அவையிலிருந்தே ஒரு பொய்யாவி அனுப்பப்பட்டதாக மிகாயா விவரிக்கின்றார். அப்படியாயின் அந்த 400 பேரும் தம் உள்ளுணர்வை நேர்மையாகவே கூறியிருத்தலும் கூடும். வாக்கின் வடிவம், ஆவேசம், தெய்வத்தின் பெயர் ஆகிய எதுவும் மெய்யைப் பொய்யிலிருந்து பிரித்துக்காட்ட உதவவில்லை.

அளவுகோல் ஒன்றை முதன்முதலில் வெளிப்படையாகக் கூறியவர் கி.மு. எட்டாம் நூற்றாண்டின் மீகா. அக்காலத்தின் பொருளியலை ஓரளவு அறிதல் இங்கு அவசியமாகின்றது. இரண்டாம் எரொபெயாமின் நீண்ட ஆட்சியிலே வடநாடு செழித்தது. 1910ஆம் ஆண்டு ஹாவார்ட் பல்கலைக்கழகத்தினர் சமாரியாவில் அகழ்ந்தபோது, மையால் எழுதப்பட்ட மட்கல ஓடுகள் கிடைத்தன. ஊர்ப்புறங்களிலிருந்து தலைநகருக்கு வந்து சேர்ந்த பழைய திராட்சரசமும் தூய எண்ணெயும் அவற்றிலே குறிக்கப்பட்டுள்ளன. அவை வரியா, பெருநிலக்காரரின் விளைவா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவ்வாறாயினும், உற்பத்தி நிகழ்ந்த இடம் ஒன்று, நுகர்வு நிகழ்ந்த இடம் வேறொன்று என்பதில் ஐயமில்லை. 1930களில் அதே இடத்தில் நிகழ்ந்த அகழ்வுகளில் தளபாடங்களில் இழைக்கப்பட்ட யானைத்தந்த வேலைப்பாடுகள் வெளிப்பட்டன. தந்தக் கட்டில்களிற் சாய்ந்து, கிண்ணங்களிலே திராட்சரசம் அருந்தி, சிறந்த எண்ணெய் பூசிக்கொள்வோரை ஆமோஸ் சாடும் பகுதியை இவ்வகழ்வறிக்கைகளுடன் ஒருங்குவைத்துப் படித்தல் வேண்டும். அவரது சினம் பொதுவான அறவுரையன்று என்பதும், குறித்த பண்டங்களின் மீதும் குறித்த வர்க்கத்தின் மீதும் அது பாய்கின்றது என்பதும் அப்போது தெளிவாகும். தானியம் அளக்கும் மரக்காலைச் சிறிதாக்கி எடைக்கல்லைப் பெரிதாக்குவோர், ஒரு சோடி பாதரட்சைக்காக வறியவரை விலைக்கு வாங்குவோர் என்று அவர் தரும் விவரங்கள் கடனடிமை முறையின் நடைமுறை விவரங்களே.

பெத்தேல் ஆலயத்தின் குரு அமத்சியா ஆமோசை நாட்டைவிட்டு ஓடிப்போகச் சொல்கின்றான். யூதாவுக்குப் போய் அங்கே உம் அப்பத்தைத் தேடிக்கொள்ளும். இது அரசனின் ஆலயம், இங்கே பேசாதீர் என்பது அவன் வாதம். வாக்குரைப்பது வயிற்றுப்பிழைப்பு என்பதை அவன் ஐயத்துக்கிடமின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறான். அவனுக்குத் தெரிந்த தீர்க்கதரிசிகள் அனைவரும் அவ்வாறானவரே. ஆமோஸ் தாம் அத்தொழிலினர் அல்லர் என்றும் மந்தையோடும் காட்டத்தி மரங்களோடும் வாழ்பவர் என்றும் விடையிறுக்கின்றார். இவ்விடையை வைத்து ஆமோசை ஏழை இடையர் ஆக்கிவிடும் ஆர்வம் எம்மவரிடையே மிகுதி. நூலின் தொடக்கத்தில் அவரைக் குறிக்கும் எபிரேயச் சொல் விவிலியத்திலே பிறிதோரிடத்தில் மட்டுமே வருகின்றது. அங்கு அது மோவாப் நாட்டின் மன்னனைக் குறிக்கின்றது. பெருமந்தையின் உடைமையாளராகவும் ஆமோஸ் இருந்திருக்கலாம். அவர் அரண்மனையில் உண்ணாதவர் என்பதே வாதத்துக்கு வேண்டுவது; ஏழையாக இருந்தாரா என்பதன்று.

மீகாவின் அளவுகோலும் இதுவே. தம் பல்லுக்கு இரை கிடைக்கும்போது சமாதானம் என்று கூவி, தம் வாயில் எதுவும் இடாதவன்மீது போர் தொடுக்கும் தீர்க்கதரிசிகளை அவர் சாடுகின்றார். தலைவர் இலஞ்சத்துக்கும் குருக்கள் கூலிக்கும் தீர்க்கதரிசிகள் பணத்துக்கும் தொழில் செய்கின்றனர் என்று ஒரே வரிசையில் மூவரையும் நிறுத்துகின்றார். கருத்து எங்கிருந்து ஊட்டம் பெறுகின்றது என்று கேட்கும் இப்பார்வையைக் கருத்துநிலை பற்றிய விமரிசனத்தின் மிகப் பழைய எடுத்துக்காட்டுகளுள் ஒன்றாகக் கொள்வதில் நாம் தவறு காணவில்லை.

இதுவரை பேசியது வாய்மொழி பற்றி. சுருள் அரங்கேறும் காட்சி கி.மு. 622ஆம் ஆண்டளவில் நிகழ்கின்றது. யோசியா மன்னனின் பதினெட்டாம் ஆட்சியாண்டில் எருசலேம் ஆலயத்தைப் பழுதுபார்க்கையில் ஒரு நூற்சுருள் 'கண்டெடுக்கப்பட்டது'. அரசனின் எழுத்தரான சாப்பான் அதனை வாசிக்கக் கேட்ட யோசியா தன் உடையைக் கிழித்துக்கொண்டான். அச்சுருள் உபாகமத்தின் ஆரம்ப வடிவம் என்னும் கருத்து, 1805ஆம் ஆண்டு ஜேர்மானிய அறிஞர் டி வெட்டே அதனை ஆராய்ந்ததன் பின்னர், பெரும்பாலாரால் ஏற்கப்பட்டு வந்துள்ளது. அது கண்டெடுக்கப்பட்டதா, அக்காலத்திலேயே ஆக்கப்பட்டதா என்ற வினாவை இங்கு விரிக்க வேண்டியதில்லை. நாம் அழுத்த விரும்புவது அதன் பின் நடந்ததை. சுருளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அரசனுக்கும் தலைமைக் குருவுக்கும் தெரியவில்லை. அவர்கள் எருசலேமின் இரண்டாம் பகுதியில் வாழ்ந்த உல்தாள் என்னும் பெண்ணிடம் சென்றனர். ஆடைச்சாலைக் காவலனின் மனைவி, தீர்க்கதரிசினி. அவள் உறுதிப்படுத்திய பின்னரே சுருள் அதிகாரம் பெற்றது. வேத எழுத்து என்பதற்கு விவிலியம் காட்டும் முதற் சான்றுரைப்பு ஒரு பெண்ணின் வாக்காகும். எழுத்து அந்நாளிலே தன்னளவில் நிற்கவில்லை. வாக்கு அதைத் தாங்கி நின்றது.

அச்சுருளின் உள்ளடக்கமோ இந்த உறவைத் தலைகீழாக்கும் விதைகளைக் கொண்டிருந்தது. ஏழாண்டுக்கொருமுறை கடன் விடுதலை, விடுவிக்கப்படும் அடிமையை வெறுங்கையாய் அனுப்பாமை, அரசன் தனக்கெனச் சட்டத்தின் பிரதி ஒன்றை வைத்து நாள்தோறும் வாசித்தல் ஆகியவற்றை உபாகமம் விதிக்கின்றது. ஆமோசும் மீகாவும் குரலாய் எழுப்பிய கோரிக்கை இங்கு விதியாய் எழுதப்படுகின்றது. அதே நூல் தீர்க்கதரிசியைச் சோதிக்கும் விதியையும் வகுக்கின்றது: சொன்னது நிகழாவிடின் அவன் பொய்யன், நிகழ்ந்தபோதிலும் வேறு தெய்வத்திடம் அழைத்துச் சென்றால் அவன் கொல்லப்படவேண்டியவன். இனி வாக்கை எழுத்து சோதிக்கும். முதல் விதியின் வலுவின்மை வெளிப்படையானது. நிகழும் வரை காத்திருந்து அறியக்கூடிய உண்மை, இன்று முடிவெடுக்க வேண்டியவனுக்கு எவ்விதத்தில் வழிகாட்டும்?

யோசியாவின் மகன் யோயாக்கீம் காலத்திலே வாக்கும் சுருளும் அரசும் முட்டிக்கொண்டன. தன் அரண்மனையைக் கேதுருப் பலகையிட்டுச் சிவப்பு வர்ணம் பூசிக் கட்டிய இவன், வேலையாட்களுக்குக் கூலி கொடாதவன் என்று எரேமியாவினால் வெளிப்படையாகக் கண்டிக்கப்பட்டவன். ஆலயத்தில் பேசியதற்காக எரேமியாவைக் கொல்ல வேண்டுமென்று குருக்களும் தீர்க்கதரிசிகளும் கோரியபோது, நாட்டுப்புற மூப்பர் சிலர் எழுந்து, ஒரு நூற்றாண்டுக்கு முன் மீகா இவ்வாறே பேசியும் கொல்லப்படவில்லை என்று அவரது வாக்கை நினைவுகூர்ந்தனர். ஒரு தீர்க்கதரிசியின் வாக்கு அவர் பெயருடன் பின்னொரு காலத்திலே சான்றாக எடுத்தாளப்படும் இடமாக எபிரேயத் தீர்க்கதரிசி நூல்களில் இது தனித்து நிற்கின்றது. அதைப் பேணி வைத்திருந்தவர் கிராமத்து மூப்பர் என்பது கவனத்துக்குரியது. அரண்மனைச் செல்வாக்கு இல்லாத உரியா என்னும் மற்றொருவர் அதே செய்தியைக் கூறி, எகிப்துக்குத் தப்பியோடியும் பிடித்துவரப்பட்டு வாளுக்கு இரையானார். எரேமியா தப்பியதற்குக் காரணம் சாப்பானின் மகன் அகீக்காம் துணைநின்றமை என்று நூல் ஒளிக்காமற் கூறுகின்றது.

கி.மு. 604ஆம் ஆண்டளவில், ஆலயத்திற் கால்வைக்கத் தடைசெய்யப்பட்ட எரேமியா, தம் வாக்குகளைப் பாருக்கு என்னும் எழுத்தரைக்கொண்டு எழுதுவித்து அவரை அனுப்பினார். பாருக்கு நின்று வாசித்த அறை சாப்பானின் இன்னொரு மகன் கெமரியாவுடையது. சுருள் அரசனிடம் சென்றது. மாரிக்கால மாளிகையில் நெருப்புச்சட்டி முன் அமர்ந்திருந்த அரசன், மூன்று நான்கு பத்திகள் வாசிக்கப்பட்டதும் எழுத்தரின் கத்தியால் அறுத்து அறுத்து நெருப்பிலிட்டான். தந்தை சுருளைக் கேட்டு உடையைக் கிழித்தான். மகன் சுருளையே கிழித்தான். எபிரேயத்தில் இரு செயலுக்கும் ஒரே வினைச்சொல் வருவதும், அரசனோ அவன் ஊழியரோ உடையைக் கிழிக்கவில்லை என்று ஆசிரியர் சேர்த்துச் சொல்வதும் தற்செயலானவை அல்ல. எரிக்கவேண்டாம் என்று அரசனிடம் மன்றாடிய மூவருள் கெமரியாவும் ஒருவர்.

1982ஆம் ஆண்டு எருசலேமின் தாவீது நகர்ப் பகுதியில் ஈகால் ஷிலோ நடத்திய அகழ்வில், முத்திரை பதித்த களிமண் கட்டிகள் ஐம்பதளவில் ஒரே வீட்டிற் கிடைத்தன. ஒன்றில் சாப்பானின் மகன் கெமரியா என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. இதே மனிதர் எனப் பலர் கருதுகின்றனர். கி.மு. 586ஆம் ஆண்டளவில் பாபிலோனியர் நகரை எரித்தபோது அம்முத்திரைகள் கட்டியிருந்த பப்பிரசுத் தாள்கள் சாம்பலாயின. களிமண்ணோ அந்நெருப்பிற் சுடப்பட்டு நிலைத்தது.

எழுத்து வாக்குக்குச் செய்த சேவையை இந்நிகழ்ச்சி துலக்கமாகக் காட்டுகின்றது. உரியாவின் குரலை வாள் அழித்தது. எரேமியாவின் சுருளை நெருப்பு அழிக்க இயலவில்லை. அது மீண்டும் எழுதப்பட்டது. மீண்டும் எழுதுகையில் அவை போன்ற வேறு சொற்களும் பல சேர்க்கப்பட்டன என்று நூல் தானே ஒப்புக்கொள்கின்றது. ஒரு நூல் தன் இரண்டாம் பதிப்பின் வரலாற்றைத் தன்னுள்ளேயே பதிந்துவைத்திருப்பது பாடத் திறனாய்வாளருக்குக் கிடைத்த அரிய பேறு. ஆனால் சேவை இலவசமானதன்று. சுருளைக் காத்தவர், படியெடுத்தவர், பெருக்கியவர் அனைவரும் அரண்மனையோடு தொடர்புடைய எழுத்தர் குடும்பத்தினர். எதிர்ப்புக் குரல் உயிர்பிழைப்பதற்கு ஆளும் வர்க்கத்தின் ஒரு பிரிவினரது கையை நாடவேண்டியிருந்தது.

இதன் ஆபத்தை எரேமியாவே அறிந்திருந்தார். ஞானம் தம்மிடம் உண்டு, கடவுளின் சட்டம் தம்மிடம் உண்டு என்று கூறுவோரைப் பார்த்து, எழுத்தரின் பொய்யெழுத்தாணி அதனைப் பொய்யாக்கிவிட்டது என்று அவர் சீறும் ஓரிடம் உண்டு. எச்சட்டத்தைக் குறிக்கிறார், உபாகமத்தையா என்பது பற்றி முடிவான கருத்து இல்லை. அது எதுவாயினும், வேத எழுத்தின் மீதான ஐயம் அவ்வேதத்துக்குள்ளேயே வேதமாக இடம்பெற்றுவிட்டது. தமிழ் மொழிபெயர்ப்பை மீண்டுமொருமுறை நோக்குவோம். சாப்பான் அதிலே 'சம்பிரதி' எனப்படுகிறான். அரசாங்கக் கணக்கன் எனப் பொருள்படும் சொல். பிற்காலத்து எஸ்றா 'வேதபாரகன்' எனப்படுகிறார்; வேதத்தின் கரைகண்டவர் என்பது பொருள். எபிரேயத்தில் இருவருக்கும் 'சோபேர்' என்னும் ஒரே சொல்தான். கணக்கன் வேத அறிஞனாய் உயர்ந்த இருநூறு ஆண்டு வரலாறு, மொழிபெயர்ப்பாளர் அறிந்தோ அறியாமலோ, அவ்விரு தமிழ்ச் சொற்களுக்கிடையே கிடக்கின்றது.

இனி, மீகாவின் அளவுகோலையே சோதனைக்குள்ளாக்கும் நிகழ்ச்சிக்கு வருவோம். முற்போக்கு வாசகர் எளிதிற் கடந்து செல்லும் பகுதி இது. கடந்து செல்லலாகாத பகுதியும் இதுவே. கி.மு. 594 அளவில், ஏதோம், மோவாப், அம்மோன், தீரு, சீதோன் ஆகியவற்றின் தூதுவர் எருசலேமிற் கூடி, பாபிலோனுக்கு எதிரான கூட்டணி பற்றிப் பேசினர். எரேமியா கழுத்தில் நுகம் பூண்டு வந்து, பாபிலோனுக்குப் பணியுங்கள் என்றார். அனனியா என்னும் தீர்க்கதரிசி அந்நுகத்தைப் பற்றி உடைத்து, இரண்டாண்டுக்குள் பாபிலோனின் நுகம் இவ்வாறே உடையும் என்று கடவுளின் பெயரால் முழங்கினார். பேரரசின் ஒடுக்குமுறைக்கெதிரே விடுதலை முழக்கம் செய்பவர் அனனியாவே. அன்று அக்கூட்டத்தில் நின்றிருந்தால் நாம் எப்பக்கம் நின்றிருப்போம்? எரேமியாவும் முதலில், அவ்வாறே ஆகட்டும் என்றுதான் கூறினார். பின்னர் தம் வழியே சென்றுவிட்டார். அனனியா அவ்வாண்டிலேயே இறந்தார் என்று கூறி நூல் விவகாரத்தை முடித்துவைக்கின்றது. அன்று நின்று கேட்ட மக்களுக்கு அம்முடிவுரை கிடைக்கவில்லை.

எரேமியாவைக் காட்டிக்கொடுப்பவர் என்று அவர் காலத்தவர் குற்றஞ்சாட்டினர். போர்வீரரின் கைகளைத் தளரச்செய்கிறார் என்றும் கூறினர். லாக்கீசில் 1935ஆம் ஆண்டு கிடைத்த, முற்றுகைக் காலத்தை ஒட்டிய மட்கல ஓட்டு மடல் ஒன்றிலே, அதிகாரிகளின் சொற்கள் கைகளைத் தளர்த்துகின்றன என்ற அதே முறைப்பாடு காணப்படுகின்றது. வேறொரு மடலில், பெயர் கூறப்படாத ஒரு தீர்க்கதரிசியிடமிருந்து வந்த எச்சரிக்கை மடல் பற்றிய குறிப்பும் உண்டு. இவ்விவாதம் வேதத்தின் பக்கங்களுள் மட்டும் நிகழ்ந்ததன்று என்பதற்கு இவை சான்று.

மாக்ஸ் வெபர் தீர்க்கதரிசிகளை ஒடுக்கப்பட்ட வர்க்கத்தின் பேச்சாளராகக் கொள்ள மறுத்தார். அவர் காட்டும் எச்சரிக்கையை நாம் ஏற்கிறோம். அத்துடன் நின்றுவிட அவர் விரும்புவதை ஏற்கமுடியவில்லை. எரேமியாவின் நிலைப்பாட்டின் உட்பொருள் தேசியப் பிரச்சினையில் மட்டும் வெளிப்படவில்லை. அதே நூலின் முப்பத்துநான்காம் அதிகாரத்தில் வெளிப்படுகின்றது. நகரம் முற்றுகையிடப்பட்டபோது, சிதேக்கியா மன்னனும் பிரபுக்களும் எபிரேய அடிமைகளை விடுவிப்பதாக ஆலயத்தில் உடன்படிக்கை செய்தனர், விடுவித்தனர். எகிப்தியப் படை வருவதறிந்து பாபிலோனியர் தற்காலிகமாக விலகியதும், விடுவித்தவர்களையே மீண்டும் பிடித்து அடிமைகளாக்கினர். விடுதலை பற்றிய முழக்கம் ஒலித்த நகரத்தின் உள்ளே விடுதலை நீடித்த காலம் அவ்வளவே. எதிரி வாயிலில் நிற்கையில் மட்டும் சகோதரராக ஏற்கப்பட்டோர் அவ்வடிமைகள். நகரம் வீழ்ந்தபின் பாபிலோனியத் தளபதி ஒன்றுமற்ற ஏழைகளுக்குத் திராட்சைத் தோட்டங்களையும் வயல்களையும் கொடுத்தான் என்று அந்நூல் ஒரே வசனத்தில் கூறிச் செல்கின்றது. அடிமை கொண்ட பிரபுவுக்கு அழிவாய் இருந்த நாள், நிலமற்றவனுக்கு என்னவாக இருந்தது என்னும் வினாவை அவ்வசனம் எழுப்பிவிட்டு விடை தராது நகர்கின்றது.

இதனால் அனனியா பொய்யர், எரேமியா மெய்யர் என்று நாம் தீர்ப்பளிக்க முன்வரவில்லை. பேரரசு தந்த நிலம் பேரரசுக்கு வரி செலுத்தவேண்டிய நிலமே. மேலும், எமக்குக் கிடைத்திருப்பது எரேமியாவின் சுருள் மட்டும். நாடு வீழ்ந்தபின், அவர் சொன்னது நிகழ்ந்துவிட்டது என்றறிந்தோர் தொகுத்த சுருள். அனனியாவுக்குச் சீடர் இருந்திருக்கலாம், எழுத்தர் இருந்திருக்கலாம். தோற்ற வாக்கை எவரும் படியெடுக்கவில்லை. அரண்மனையில் உண்பவன் பொய்யன் என்னும் மீகாவின் அளவுகோல் இங்குப் போதாமற் போகின்றது; அனனியா எங்கு உண்டார் என்று நூல் கூறவில்லை. முழக்கத்தின் பயன் யாருக்குச் சென்று சேர்கிறது என்பதை, அம்முழக்கம் எழுந்த சமூகத்தின் உள்ளே சென்று, அடிமைச் சந்தை வரை சென்று பார்ப்பதன்றி வேறு வழி இல்லை.

நாடிழந்தபின் நிகழ்ந்த மாற்றத்தைச் சுருக்கமாகக் கூறலாம். பாரசீகப் பேரரசின் கீழ் எருசலேம் மீண்டபோது அரசன் இல்லை. அரசனை எதிர்த்துப் பேசவேண்டிய தேவையும் அதனால் உருமாறிற்று. எஸ்றா தண்ணீர் வாயிலின் முன் மரமேடையில் நின்று விடியற்காலை தொடங்கி நண்பகல் வரை சட்டநூலை வாசித்தார். லேவியர் கூட்டத்தினிடையே நின்று பொருள் விளக்கினர். பெண்களும் கேட்டனர் என்று நூல் குறிக்கின்றது. அக்காட்சியில் தீர்க்கதரிசி எவரும் இல்லை. சுருளை மெய்ப்பிக்க உல்தாள் போன்ற ஒருத்தி தேவைப்படவுமில்லை. எஸ்றாவின் நூலிலுள்ள பாரசீக அரச மடல், அதன் மூல உண்மை பற்றி விவாதம் உளதெனினும், கடவுளின் சட்டத்தையும் அரசனின் சட்டத்தையும் ஒருசேர வைத்து, மீறுவோருக்கு மரணம், நாடுகடத்தல், உடைமைப் பறிப்பு, சிறை எனத் தண்டனை கூறுகின்றது. வழிகாட்டல் இப்போது வியாக்கியானத்துள் அடங்கிவிட்டது. வியாக்கியானம் கற்றோரின் கையில் இருந்தது. சகரியா நூலின் பிற்பகுதியிலே, வாக்குரைக்கும் மகனைப் பெற்றோரே குத்திக் கொல்வர் என்றும், தீர்க்கதரிசிகள் வெட்கி, நான் தீர்க்கதரிசி அல்லன், நிலத்தில் உழைப்பவன் என்று மறுப்பர் என்றும் ஒரு பகுதி வருகின்றது. ஆமோஸ் பெத்தேலில் அரசகுருவின் முகத்துக்கு நேரே நிமிர்ந்து கூறிய விடை, பிடிபட்டவனின் சாக்காய் மாறியிருக்கின்றது.

எனினும் அச்சுருள்களை மூடிக் காத்தோர் ஆமோசையும் மீகாவையும், எழுத்தாணியைப் பொய்யென்ற எரேமியாவின் வசைமொழியையும் நீக்கிவிடவில்லை. தமது அதிகாரத்துக்கு முன்னோரின் வாக்கு ஆதாரமாக வேண்டியிருந்தது. அவ்வாக்கோ அதிகாரத்துக்கெதிரான வாக்காய் இருந்தது. இம்முரண்பாட்டிலிருந்து அவர்களால் விடுபட இயலவில்லை என்பதே எமது கருத்து.

இறுதியாக ஒரு பகுதியைக் குறிப்பிட வேண்டும். தீர்க்கதரிசி நூல்களிலே வறியவர் எங்கும் நிறைந்துள்ளனர். ஆயின் அவர்கள் தாமே பேசும் இடம் காண்பது அரிது. அவர்களுக்காக வேறொருவர் பேசுகின்றார். நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரத்தில், கி.மு. 445ஐ அடுத்த ஆண்டுகளில், நிலைமை வேறாயிருந்தது. மக்களும் அவர்தம் மனைவியரும் தம் யூத சகோதரருக்கு எதிராகக் கூக்குரலிட்டனர். உண்ணத் தானியமில்லை என்றனர் ஒரு பகுதியினர். வயலையும் தோட்டத்தையும் வீட்டையும் ஈடுவைத்துவிட்டோம் என்றனர் மற்றொரு பகுதியினர். அரசனின் வரிக்காகக் கடன்பட்டோம் என்றனர் வேறு சிலர். எமது உடலும் அவர்களது உடலும் ஒன்றே, எமது பிள்ளைகளும் அவர்களது பிள்ளைகளும் ஒன்றே, எமது பெண்மக்களிற் சிலர் ஏற்கெனவே அடிமைகளாகிவிட்டனர், மீட்க எம்மிடம் எதுவுமில்லை, வயல்கள் பிறர் கையில் உள்ளன என்பது அவர்களது முறைப்பாட்டின் சாரம். கடவுள் இவ்வாறு கூறுகின்றார் என்று அவர்கள் தொடங்கவில்லை. சட்டத்தில் எழுதியிருக்கிறது என்றும் கூறவில்லை. ஏழாண்டுக் கடன் விடுதலை பற்றிய விதி உபாகமத்தில் இருந்தும் அதனை அவர்கள் எடுத்துக்காட்டவில்லை. ஆளுநரான நெகேமியா சினங்கொண்டு, பெருங்கூட்டத்தைக் கூட்டிக் கடன்கொடுத்த பிரபுக்களை நிறுத்தி விசாரித்தபோது, தாமும் தம் சகோதரரும் வேலையாட்களும் அவ்வாறே பணமும் தானியமும் கடன்கொடுத்து வந்ததை அவ்விடத்திலேயே ஒப்புக்கொள்ள நேர்ந்தது.